இரவுக் கழுவல்

இரவு பதினொரு மணி. அட்லஸ் மலைக்குத் தெற்கே
ஹம்மு லாரியைக் கிளப்புகிறான்.
பின்னால் பதினைந்தாயிரம் லிட்டர்,
உப்பும் சுண்ணாம்பும் நீக்கிய,
நாக்குக்கு எதுவும் சொல்லாத தண்ணீர்.

கவிழ்ந்து உறங்கும் கண்ணாடிகள்
வரிசை வரிசையாய் அவன் பக்கம் முகம் திருப்பும்.
தூரிகை சுழலும், தூசி கரையும்.
வடிவதை மண் குடிக்கும் சத்தம்
எஞ்சினை நிறுத்தினால் கேட்கும்.
அவன் நிறுத்துவதில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்வார்கள்.
இங்கே, தொட்டிக்குள் உருகிக் கிடந்து,
உப்பே நினைத்துக்கொண்டிருக்கிறது வெயிலை,
பின்னிரவு இரண்டு மணி வரை.
அதுவரை காசாபிளாங்காவில் யாரோ
குளிர்பெட்டியைத் திறந்து, சும்மா பார்த்து, மூடலாம்.
அதன் பிறகு கரி.

இத்தோவின் குழாய்க்குச் செவ்வாயும் சனியும்தான்.
குதிரைமசால் நான்கு பாத்தி இருந்தது, இப்போது ஒன்று.
மகள் திலிலாவின் விடுதிக் கட்டணத்தை இந்த லாரி கட்டுகிறது.
இரண்டையும் ஒரே மூச்சில் அவள் சொன்னதில்லை.

நாற்பத்தோராம் வரிசையடியில் ஒரு கல்கௌதாரி, சேவல்.
அந்தியில் ஏரி என்று இறங்கியிருக்கும்.
பேய்த்தேர் கிட்டப் போனால் விலகும்;
இது விலகவில்லை.

ஆண்தான் மார்பிறகை நனைத்துக்கொண்டு
காதக்கணக்கில் பறந்து திரும்பும்,
குஞ்சுகள் அதில் உறிஞ்சும்.
தடவிப் பார்த்தான். காய்ந்திருந்தது.
குழாயை அதன்மேல் பிடித்தான்,
கணக்கில் வராத கால் லிட்டர்.
இறகுகள் வாங்கி வைத்துக்கொண்டன.

பதிவேட்டில் எழுதினான்: பறவை, ஒன்று.
அடுத்த கட்டம், காரணம்.
மணி இரண்டேகால். இன்னும் முப்பது வரிசை.
யோசிக்க
எஞ்சினை நிறுத்த வேண்டியிருந்தது.