மஞ்சள் வராத குழி

தொண்ணூற்றாறு குழியிலும் நொதியம் ஊற்றிப்
பத்து நிமிசம் பார்த்திருந்தேன்.
ஒவ்வொன்றாய் மஞ்சள் ஏறிற்று,
பழைய வெள்ளைச் சட்டையின்
கழுத்துப்பட்டி மஞ்சள்.
நாலாம் வரிசையில் ஏழாவது மட்டும்
தண்ணீராகவே கிடந்தது.

காயான்கேணிப் பாரில்
அட்டைக்குச் சுழியோடிய தவசீலன்
அட்டை அகப்படாத நாளில்
பிடுங்கி வந்த கடற்பஞ்சு.
ஐஸ் பெட்டிக்குள் சூரையின் இரத்தம் தோய்ந்து
மோட்டார் சைக்கிளில்
வந்தாறுமூலை வரைக்கும் வந்தது.
"கறிக்காகாது கா. மீனும் கடிக்கிறல்ல."
மீன் கடிக்காததுதான் எனக்கு வேண்டும் என்றேன்.
ஓடத் தெரியாது, முள்ளுமில்லை, பல்லுமில்லை.
இருந்த இடத்திலேயே
ஒரு துளி சமைத்து வைத்திருக்கிறது.

நரம்பு சொன்ன சொல்லைத் தசை கேட்டு முடிந்ததும்
துடைத்துவிட்டுப் போவது நொதியத்தின் வேலை.
அதன் கையைப் பிடித்துக்கொள்கிறது இந்த நஞ்சு.
சொல் அழியாது.
திரும்பத் திரும்ப அதே சொல்.
போன பெரும்போகத்தில்
எண்ணெய் அடித்த வயலில் சரிந்தவனுக்கு
வாயில் நுரை தள்ளியதும்
துடைக்காமல் விட்ட அந்தச் சொல்தான்.
நான் கண்டிருக்கக் கூடாது. கண்டேன்.

போனில் சொன்னேன்: உன் பஞ்சு நஞ்சு.
சிரித்தான்.
"எனக்குத் தெரியுமே, கை ரெண்டு நாள் எரிஞ்சது."
மறுகா, குரல் தாழ்த்தி,
"ரதிமலர்ர குளிசையும் இப்படித்தானாமே,
டொக்டர் சொன்னவர்."

ரதிமலருக்குக் காலையில் இமை திறக்கும்.
பின்னேரம் சரியும்.
ஒற்றை விரலால் தூக்கிப் பிடித்தபடி
மகனின் கணக்குக் கொப்பி பார்ப்பாள்.
அவள் தசைக்கு நரம்பு சொல்வது பாதிதான் கேட்கிறது;
சொல் கொஞ்சம் கூட நின்றால் நல்லது.
அறுபது மில்லிகிராம், நாளுக்கு நாலு தரம்.
பார்மசியில் இல்லாத மாதங்களும் உண்டு.

"அப்ப இதுலயும் செய்யலாமா?"

என்னிடம் இருப்பது
நகக்கண் அளவு பழுப்புப் பிசின்.
இதில் எது நஞ்சு, எது அழுக்கு,
பிரித்தெடுக்கவே இந்த வருசம் போகும்.
மிச்சத்துக்கு எத்தனை வருசமென்று
வாய்வரை வந்ததை விழுங்கினேன்.
"இன்னும் தெரியா" என்றேன்.

கரண்ட் போய் வந்தது. குளிர்ப்பெட்டி முனகிற்று.
அரை மணியாகியும்
ஏழாம் குழி அப்படியே தெளிவாய்.

அந்தப் பக்கம் அலை இரைந்தது.
"கடல் கலக்கம் தெளியட்டும்" என்றான்,
"எத்தனை கிலோ வேணும்?"