முகவரி என்ற கட்டம்

விண்ணப்பத்தின் மூன்றாம் கட்டத்தில்
நாலு நாள் நின்றேன்.
அமைப்பின் முகவரி, என்று கேட்டிருந்தது.

லயங்களுக்குக் கதவிலக்கம் எழுதுகிற அமைப்பு நாங்கள்.
எங்களுக்கே இலக்கம் கிடையாது.
தபால்காரர் தோட்டத்து ஆபிஸோடு திரும்பிவிடுவார்.
மிச்சத் தூரத்தை
யாராவது ஞாபகம் வைத்தால்தான் கடிதங்கள் நடக்கும்.
எனக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம்
கொழுந்துத் தராசுக்குக் கீழே
முப்பத்தெட்டு நாள் படுத்திருந்தது,
தராசு ஆடாமல் இருக்க, நாலாய் மடித்து.
அதை நான் எழுதவில்லை.
பிரச்சினையை இருநூறு சொற்களில் விளக்கச் சொன்ன இடத்தில்
புள்ளிவிவரம் போட்டேன்.

நிதி வைத்திருந்தவர்கள் யூதர்கள்.
கடல் தாண்டி ஏதோ ஒரு நகரத்தில்
தங்கள் தெருக்களில் புதிதாய் முளைக்கிற முயற்சிகளுக்கு,
நடக்க முடியாதவர்களைத் தொழுகைக்கு ஏற்றிப்போகும் வண்டி,
தொட்டில் இரவல் கொடுக்கும் வீடு,
இப்படியானவற்றுக்கு
முதல் வருடக் காசு கொடுக்கிறவர்கள்.
வருடத்துக்கு ஒன்று வெளியாருக்கும் உண்டு.
எங்கிருந்து கண்டுபிடித்தாளோ ஞானசீலி.
"நமக்கா தரப்போறாங்க" என்றான் பெனடிக்ட்.
சொன்ன வாயாலேயே
செலவுக் கணக்கில் மழைக்கோட்டு ஒன்று சேர்க்கச் சொன்னான்.

சனிக்கிழமை அவர்கள் பேசமாட்டார்கள்.
கிழமை நாட்களில் நாங்கள் மலையில்.
ஆகவே ஞாயிறு இரவு ஒன்பதுக்கு,
சிக்னல் விழுகிற தண்ணித்தொட்டி மேட்டில்,
காலுக்கு உப்புத் தேய்த்துக்கொண்டு
மூன்று முகங்களை ஒரு போனுக்குள் திணித்தோம்.
மறுமுனையில் தமர் என்ற பெண்.
மொழிபெயர்க்க ஒரு சென்னைக்காரர்.
லயம் என்றதும் ஏதோ சங்கீத சபா என்று
முதலில் நினைத்துவிட்டார்.

"ஒரு எழுத்துப் பிழை இருக்கு" என்றார்.
நிதி கோருகிறோம் என்றிருக்க வேண்டிய வரியில்
நீதி கோருகிறோம் என்று விழுந்திருந்தது.
என் விரல்தான். காது சுட்டது.
அவர் அவளுக்கு விளக்கினார், கொஞ்சம் சிரித்தபடி.
தமர் சிரிக்கவில்லை.
அவர்கள் பாஷையில் கொடைக்கு வைத்த சொல்லே
நீதியின் வீட்டிலிருந்து வந்ததாம்.
"திருத்த வேண்டாம்."
அதே மூச்சில் கணக்குக்கு வந்தாள்:
தகடு ஒன்று இருநூற்றெண்பதா,
இரண்டு கடையிலாவது விலை கேட்டீர்களா,
நீங்கள் மூவரும் கல்யாணம், கொழும்பு என்று போய்விட்டால்
யார் பார்ப்பது.
அட்டை ஏறியதைக்கூடக் குனிந்து பார்க்காமல்
பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

முகவரிக் கட்டத்தில், கடைசியாக,
நாங்களே போட்டுக்கொண்ட இலக்கத்தை எழுதியிருந்தேன்:
கீழ்ப்பிரிவு, ஏழாம் லயம், நாலு.
எந்தப் பதிவேட்டிலும் இல்லாத நாலு.

முடிவை அவர்கள் மின்னஞ்சலில் சொல்லவில்லை.
தபாலில் போட்டார்கள், அந்த இலக்கத்துக்கே.
சோதனையா மரியாதையா,
இன்றைக்கும் தெரியாது.
இருபத்தாறு நாள்.
பொகவந்தலாவை வரை அரசாங்கம்,
ஆபிஸ் வரை தபால்காரர்,
அதற்கு மேலே பெனடிக்ட்,
கடிதம் சட்டைக்குள்ளும் தலை மழையிலுமாக.
என் கதவைத் தட்டி,
"ஏழாம் லயம் நாலு, நீங்கதானே?"
என்று கேட்டான்,
என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன்.

கேட்டது பதினொரு லட்சம். வந்தது நாலரை.
அதை எடுக்கப் போனால்
வங்கி முகவரிச் சான்று கேட்டது, அது தனிக் கதை.

முன்னூற்றுப் பன்னிரண்டு தகடு. ஒரு மழைக்கோட்டு.
எட்டு சனியன் என்று ஆவுடையம்மா ஒரே பிடிவாதம்,
அதனால் அந்த லயத்தில் ஏழுக்குப் பிறகு ஒன்பது.
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றது கம்பனி.
சுவர் அவர்களுடையது.
துணி காயும் கொடிக்கயிறு எங்களுடையது.
அதில் தொங்கவிட்டோம்.

காற்றடித்தால் இலக்கம்
முதுகைக் காட்டிக்கொள்கிறது.
கடிதம் இல்லாத நாளிலும் பெனடிக்ட் வந்து
ஒவ்வொன்றாய்த் திருப்பிவிட்டுப் போகிறான்.