நான்கு விசில்

வல்பராய்சோவில் எங்கள் குன்றுக்கு
நூற்று அறுபத்திரண்டு படி.
இரு பக்கமும் தகரச் சுவர் வீடுகள்,
மஞ்சள், ஊதா,
கப்பலுக்கு அடித்து மிஞ்சிய பச்சை.
இதில் இருபத்தோரு வீட்டுக்குப் பூட்டுப் போட்டவன் நான்.
யாஸ்னா கதவில் மூன்று நாக்குப் பூட்டு.
நோல்பெர்த்தோ ஜன்னலுக்குக் கம்பி.
கேஸ் சிலிண்டரையும் சங்கிலியில் கட்டச் சொன்னார் அவர்,
கட்டினேன்.

ஏப்ரலில் நான்கு வீடு போயிற்று.
ஒரு டிவி, ஒரு தையல் மிஷின்,
இறந்துபோன கணவனின் கோட்டுப் பையில்
ஒருத்தி ஒளித்து வைத்திருந்த பணம்,
கோட்டோடு.
அதற்கப்புறம்தான் விசில் வாங்கினோம்,
கால்பந்து நடுவர் ஊதுவது, வீட்டுக்கு ஒன்று.
ஒரு முறை ஊதினால் நாய்தான், தூங்கு.
இரண்டு என்றால் தெரியாத ஆள்.
மூன்று என்றால்
போட்டது போட்டபடி வெளியே வா.

செவ்வாய்க்கிழமை இரவு என் முறை.
எண்பதாம் படியில் உட்கார்ந்திருந்தேன்.
கடலிலிருந்து காற்று ஏறி வந்துகொண்டிருந்தது.
கையில் தடி, கழுத்தில் விசில்.
போன் அதிர்ந்தது.
யாஸ்னா அனுப்பியிருந்தாள், அவளுக்கு யாரோ.
மொட்டைத் தலையோடு ஒரு சிறுமி,
மூக்கில் குழாய்,
இன்னும் இரண்டே நாள், கருணை காட்டுங்கள்.
பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பார்கள்.
பாத்திரம் முழுக்கக் கண்ணாக இருந்தால்
எதை அறிவது?
சந்தின் மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தேன்,
திருடன் எவனுமில்லை.
கட்டை விரலால் இருபதாயிரம் பெசோ அனுப்பினேன்.
அப்புறம் தெர்மாஸைத் திறந்து
நிம்மதியாகத் தேநீர் குடித்தேன்.
அதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை
அந்தச் சிறுமி ரொட்டிப் பையோடு படியேறி வந்தாள்.
தோள்வரை முடி.
மூக்கில் குழாய் இல்லை, சளி இருந்தது.
ரையேன். தொண்ணூறாம் படிக்குப்
போன மாதம் குடிவந்த மிரேயாவின் மகள்.
இரண்டு வருடம் முன்பு பேன் தாங்காமல் மழித்த தலை,
தாய் சிரித்துக்கொண்டே எடுத்துப் போட்ட படம்.
குழாயை வரைந்தவன்
எந்த ஊரில் இருக்கிறானோ.

பதினாறு வீடு கொடுத்திருந்தது.
போலீஸில் கேட்டார்கள்:
யார் உடைத்தது?
யாரும் உடைக்கவில்லை.
எப்படி உள்ளே வந்தான்?
நாங்கள்தான் வெளியே போனோம்.
எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடினார்.

எல்லோரையும் விட அதிகம் கொடுத்தவர் நோல்பெர்த்தோ.
பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு
அப்பாடா, இவளுக்கு ஒன்றுமில்லை என்றார்.
அவர் ஒருவர்தான் அப்படிச் சொன்னார்.
அன்று மாலையே பேச்சு மாறிவிட்டது:
தாய்க்குத் தெரியாமலா?
பங்கு வந்திருக்காதா?
புதுத் திரைச்சீலை எங்கிருந்து வந்தது?
ஞாயிறு இரவு பதினொன்றுக்கு
தொண்ணூறாம் படிக்கு எதிரே நின்று
யாரோ மூன்று விசில் ஊதினார்கள்.
எல்லோரும் வெளியே வந்தோம்.
எல்லோரும் என்றால், நானும்.
யாரும் எதுவும் பேசவில்லை. சும்மா நின்றோம்.
உள்ளே விளக்கு அணைந்தது.

மறுநாள் மிரேயா என் கடைக்கு வந்தாள்.
ஒரு பூட்டு வேண்டும், இருப்பதிலேயே கெட்டியானது.
யாருக்குப் பயந்து என்று நான் கேட்கவில்லை.
கூலி வேண்டாம் என்றேன்.
நோட்டுகளை எண்ணி வைத்து
ரசீது கேட்டாள்.

சட்டத்தில் துளை போடும்போது
மரத்தூள் விழுவதைப் பார்த்தபடி நின்றாள் ரையேன்.
எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் விசில் தரலை?
கழுத்திலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன்.
எத்தனைக்கு என்ன என்று சொல்வதற்குள்
ஊதிவிட்டாள்,
நான்கு.

நான்குக்கு நாங்கள் எதையும் வைத்திருக்கவில்லை.
மேலேயும் கீழேயும்
நான் போட்ட பூட்டுகள்
ஒவ்வொன்றாக நாக்கை உள்ளிழுக்கும் சத்தம் கேட்டது.