மற்ற தொண்ணூற்றொன்பது

பகலில் காரைக்குடி காப்பீட்டு ஆபீசில்
வயது நாற்பத்தெட்டு, சர்க்கரை உண்டு, பீடி இல்லை என்று
ஆளுக்கு ஆள் சாவுக்கு விலை போடுகிறேன்.
எப்படித் தெரியும் என்று யாரும் கேட்பதில்லை.
கையெழுத்துப் போட்டுவிட்டுப்
பேனாவைத் திருப்பித் தருகிறார்கள்.

ராத்திரியில் மாடு.

மூன்று வருஷம், இருநூற்றுப் பதினேழு வண்டிப் பந்தயம்,
பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு எனப் பிரித்து
எக்செல்லில் ஏற்றி வைத்திருக்கிறேன்.
எந்தச் சாரதி கொடி வளைவில் வேகம் விடுவான்,
எந்த ஜோடிக்கு ஏழாவது மைலில் மூச்சு வாங்கும்,
முந்தின நாள் மழையென்றால் கல்லல் சாலையில்
யாருக்கு எத்தனை விநாடி.
வரிசைக்கு ஒரு கட்டம் மட்டும் காலி.

சாத்தையா சிகரெட் அட்டையின் உள்பக்கம்
பால்பாயிண்டில் எழுதிக் கொடுத்த விலை:
நெற்குப்பை வண்டிக்கு ரூபாய்க்கு இரண்டு,
பாகனேரிக்கு நான்கு,
கோட்டையூர், வேந்தன்பட்டி ஐந்தைந்து.

தலைகீழாக்கிக் கூட்டிப் பார்த்தேன்.
ஒன்று வரவேண்டிய இடத்தில்
ஒன்று புள்ளி ஒன்று ஐந்து.
அந்தப் பதினைந்து பைசா
சாத்தையா மகளின் நர்சிங் காலேஜ் ஃபீஸ்.
அதைக் கழித்தால் மிச்சம் ஊரின் நினைப்பு.
நாலாயிரம் கண் பார்த்ததை
என் இரண்டு கண்ணா பார்த்துவிடப் போகிறது?
காலிக் கட்டத்தில் போட்டுக்கொண்டேன்.

நெற்குப்பை: நூற்றுக்கு ஐம்பத்தொன்று.

தம்பி சேவுகன்
என் தோளுக்குப் பின்னால் தண்ணீர் குடித்தபடி நின்றான்.

புதன்கிழமை அட்டையில்
இரண்டு, ஒன்றே முக்கால் ஆகியிருந்தது.
யாருக்கோ என்னமோ தெரிந்திருக்கிறது
என்றது கணக்கு. ஐம்பத்தைந்து.
வெள்ளிக்கிழமை ஒன்றரை.
அறுபத்தொன்று.
அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாலையோரக் குழாய் ஸ்பீக்கர்
ஒன்று சொன்னதை
அடுத்தது அரை விநாடி தள்ளிச் சொன்னது.
கோட்டையூர் முதல், கோட்டையூர் முதல்.
நெற்குப்பை இரண்டாவது,
ஒரு மூக்கணாங்கயிறு நீளத்தில்.

"அறுபத்தொண்ணுன்னு போட்டிருந்தியேக்கா."
"ஜெயிக்கும்னு போடலடா.
நூறு தடவ ஓடினா அறுபத்தொரு தடவ."
புழுதியைத் துப்பினான்.
"மத்த தொண்ணூத்தொம்போதும்
எந்த ரோட்டுல ஓடுது?
மணிச் சத்தமே கேக்கலையே."

எத்தனை கட்டினாய் என்று அப்புறம்தான் கேட்டேன்.
செவ்வாய்க்கிழமை இரண்டாயிரம்.
வியாழக்கிழமை ஏழாயிரம்,
சிநேகிதர்கள் மூவர் பணம் தனி.
தேதிகளை அட்டைக்குப் பக்கத்தில் எழுதினேன்.

அவன் கட்டியதும் சாத்தையா விலையைக் குறைத்திருக்கிறார்.
குறைந்ததை நான் ஊரின் சொல் என்று எடுத்திருக்கிறேன்.
கூட்டிய என் எண்ணைப் பார்த்து
அவன் இன்னும் கட்டியிருக்கிறான்.
ஊர் என்று நான் நினைத்தது
பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது, அதை அவனிடம் சொல்லவில்லை.
ஐம்பத்தொன்றுக்கு இரண்டு கிடைத்தபோது
நூற்றுக்கு இரண்டு ரூபாய் நம் பக்கம்.
அறுபத்தொன்றுக்கு ஒன்றரையில்
நூற்றுக்கு எட்டரை ரூபாய் கைவிட்டுப் போகும்,
மாடு முதலில் வந்தாலும் வராவிட்டாலும்.
எண்ணைச் சொன்னவள்
விலையைச் சொல்ல மறந்தேன்.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு
கவுண்டரில் சாத்தையா.
வயது ஐம்பத்து மூன்று, சர்க்கரை உண்டு, பீடி உண்டு.
"பொண்ணு படிப்பு முடியிற வரைக்கும் போதும்."
வருஷத்துக்கு இவ்வளவு என்று திருப்பிக் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
உதடு அசைய அசையத் தலைகீழாக்கினார்.
"இதுல ஒங்க ஆபீஸ் கூலி
பதினஞ்சுக்கு மேல வருதேம்மா."
ஆமாம் என்றேன்.

கையெழுத்துப் போட்டார்.
பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனார்.