இருநூற்றுப் பன்னிரண்டு

நான்கு நாள்
போஸ்னா ஆறு அசையவே இல்லை.

மணிக்கொரு தடவை
நீரியல் நிலையத்தின் இணையப் பக்கத்துக்குப் போய்
மக்லாய் பாலத்தடி நீர்மட்டத்தை எடுத்துவருவது
குளிர்சாதனப் பெட்டிமேல் கிடக்கும்
என் பழைய மடிக்கணினியின் வேலை.
எடுத்துவந்ததைத் தாழ்கரையின்
முப்பத்தேழு வீடுகளுக்கு அனுப்பும்.
சம்பளம் கிடையாது. பகலில் எனக்கு மருந்துக்கடைக் கணக்கு.

திங்கள் 212.
செவ்வாய் 212.
புதன் நள்ளிரவு, மழை தகரத்தை அறைந்துகொண்டிருக்க,
அப்போதும் 212.
திரை மூலையில் பச்சை விளக்கு.
பிழை என்று ஒரு சொல் இல்லை.
போர்வையை இழுத்துக்கொண்டேன்.

வியாழன் விடியலில் ஹாசிபின் செய்தி:
"செனாடா, உன் ஆறு 212 என்கிறது.
என் பூட்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை."

ஓடினேன்.
நிலவறைப் படிகளில் மூன்று தண்ணீருக்குள்.
அவர் மனைவி ருவெய்தா நான்காவதில் நின்றுகொண்டு
குடைமிளகாய் விழுது ஜாடிகளை
ஒவ்வொன்றாக மேலே நீட்டினார்.
யாரும் என்னைத் திட்டவில்லை.
கையில் கொடுத்ததை வாங்கி வைத்தேன்.
நாற்பத்தொன்று.
எண்ணிக்கொண்டே இருந்தேன், வேறென்ன செய்ய.

பிறகுதான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.
புது அலங்காரம். வளைந்த மூலைகள், வெளிர்நீலம்.
அட்டவணையில் புதிதாக ஒரு வரி நுழைந்திருந்தது.
மூன்றாம் வரி, இரண்டாம் கட்டம் என்று
நான் சொல்லிவைத்த இடத்தில்
இப்போது உட்கார்ந்திருந்தது ஆண்டுச் சராசரி.
என் நிரல் பொய் சொல்லவில்லை.
வேறொரு கேள்விக்கான உண்மையை
அட்சரம் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல்
மூன்றாவது நாற்காலியே, வா என்றால்
யார் உட்கார்ந்திருக்கிறாரோ
அவர்தானே எழுந்து வருவார்.

அன்று இரவே திருத்தினேன்.
இடத்தைத் தேடாதே.
நீர்மட்டம் என்ற சொல்லைத் தேடு,
அதற்குப் பக்கத்தில் இருப்பதை எடு.
சொல்லே இல்லையென்றால் ஊகிக்காதே,
பழையதை அனுப்பிச் சமாளிக்காதே,
என்னை எழுப்பு.
மேலே ஜெனித்சாவில் ஏறி இங்கே ஏறாவிட்டால்
என்னை எழுப்பு.
பார்த்த பக்கத்துக்கு ஒரு பிரதி எடுத்துவை,
நாளை வழக்கென்று வந்தால் சாட்சிக்கு ஆகும்.
ஆறு மணி நேரம் எண் மாறவில்லையா,
அதையும் நம்பாதே.

காலையில் நிலையத்துக்குத் தொலைபேசி.
எடுத்தவன் ஒக்னியென்.
அலங்காரம் செய்தவனே அவன்தான்.
"மணிக்கொரு தடவை கதவைத் தட்டுவது நீங்கள்தானா?
பெயரும் எண்ணும் வைத்துவிட்டுப் போவீர்களே.
கூப்பிட்டிருக்கலாம்,
தோன்றவில்லை."
கைபேசியில் படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று மாற்றினானாம்.
சுலபமாகத்தான் இருக்கிறது.
அடுத்த முறை முன்கூட்டியே சொல்கிறேன் என்றான்.
சொல்வான்.
ஒருமுறை சொல்வான், இரண்டுமுறை சொல்வான்.
அவன் நாற்காலியிலும்
வேறொருவர் வந்து உட்காராமலா இருப்பார்.

ஆகஸ்டில் ஒரு இரவு, இரண்டே கால்,
மடிக்கணினி அலறியது.
ஆறு மணி நேரமாக 61.
பக்கம் மாறவில்லை. சொல் இருந்த இடத்திலேயே இருந்தது.
டார்ச்சை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு நடந்தேன்.
அளவுத் தூணில் வெளிச்சம் அடித்தேன்.
அறுபத்தொன்று.
மழை காணாத ஆறு
கூழாங்கற்களுக்கு நடுவே
நிஜமாகவே அசையாமல் கிடந்தது.

கீழ்க்கரையில் ஒரு ஜன்னல் திறந்தது.
"என்ன, வெள்ளமா?"
"இல்லை ஹாசிப். எல்லாம் சரியாக இருக்கிறது."
"அதைச் சொல்லவா இந்நேரத்தில்?"

அந்த விதியை எடுத்துவிடு என்கிறார்.
ஆறு மணி நேரத்தை
எட்டாக்கியிருக்கிறேன்.