இரண்டாவது பிரேக்

ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய், இருபது நாள்,
எட்டுப் போட ஒரு பொட்டல்.
"மீன் வண்டியில ஓசியிலேயே படிச்சேன்"
என்கிறான் நெய்னா.

உண்மைதான்.
வாலிநோக்கம் ரோட்டில்
காற்று கொட்டிப்போகும் மணலைப் பற்றி
எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
லாரி சிந்தும் ஐஸ் தண்ணீர்
பாடத்தில் இல்லை.
அவனுக்குத் தெரியும்,
முன்பல் ஒன்று கொடுத்துத் தெரிந்துகொண்டான்.

இன்று அவன் ஓட்டுகிறான்.
ஏர்வாடி முக்கில்
உடைமரத்துக்குள்ளிருந்து ஆடுகள்.
அவன் பார்ப்பதற்குள்
என் வலது கால் ஓங்கி மிதித்தது
வெறும் கால்மிதியை.
பயிற்சிக் காரில் அங்கேதான் இருக்கும்
மாஸ்டரின் பிரேக்.

சத்தத்தில் அவனும் மிதித்தான்.
நின்றோம். கடைசிக் குட்டி
ஆற அமரக் கடந்தது.

"எதைப் புள்ள மிதிச்சே?"

"ஆறாயிரத்து ஐந்நூறை."