யாரைக் கேட்டாய்

முக்கூடல் பீடிக் கம்பெனி. சனிக்கிழமை.
சம்பளப் பக்கம் திறக்கவில்லை.
"அப்பிடியொரு முகவரியே கெடையாதாம், வே"
என்கிறான் சேர்மக்கனி.

பிங் அடித்தேன். பதில் வந்தது,
அடுத்த அறையில் இலைக்கட்டுகளுக்குப் பின்னால்
இரைந்துகொண்டிருக்கும் சர்வரிலிருந்து.
டிஎன்எஸ் நான் எழுதியது, என் கையால்.
கம்ப்யூட்டர் அதைக் கேட்கிறது.
பிரவுசர் கேட்கவில்லை.

கேஷைத் துடைத்தேன். அணைத்துப் போட்டேன்.
ஜன்னலுக்கு வெளியே
காலிச் சொளவுகளோடு பெண்கள்.
ஒருத்தியும் சத்தம் போடவில்லை,
அதுதான் பயமாக இருந்தது.

செட்டிங்ஸில், எங்கேயோ அடியில்,
'பாதுகாப்பான டிஎன்எஸ்'
நீலமாய் விழித்துக்கொண்டிருந்தது.
அட சவமே,
பக்கத்து அறைக்கு வழி கேட்க
எந்தக் கடல் தாண்டிப் போனாய்?

அமத்தினேன்.
ஆவுடைத்தங்கம், நாலாயிரத்து இருநூறு பீடி.
அடுத்த பெயர். அதற்கடுத்தது.

சேர்மக்கனி மட்டும் திரையை விட்டு நகரவில்லை.
"பாதுகாப்பைல்லா அமத்திட்டீரு?"